படுத்திருப்பவருக்கு எதற்கு இவ்வளவு சோறு?

மருத்துவமனையில் உணவியலாளராக நான் இருந்த காலம் முழுவதும் நோயாளிகளின் வீட்டார் என்னிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். "படுத்துத்தான கெடக்காக, எதுக்கும்மா இம்புட்டுச் சோறு?" கல்லல் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் கேட்டார்கள், சொந்தக் காரில் வந்து இறங்கியவர்களும் கேட்டார்கள். ஒருமுறை உயிரியல் வாத்தியார் ஒருவரே கேட்டார். நீங்கள் இப்போதுதான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்திருக்கிறீர்கள். உங்களிடமும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். நான் நிறையக் கோபப்பட்டிருக்கிறேன், அதனால் யார் வயிற்றுக்குள்ளும் ஒரு பருக்கைகூடக் கூடுதலாகப் போனதில்லை.

பதில் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சும்மா படுத்திருக்கிற உடம்பு சும்மா இருப்பதில்லை. இதயம் அடித்துக்கொண்டே இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, ஈரலும் சிறுநீரகமும் மூளையும் தூக்கத்தில்கூடக் கடை அடைப்பதில்லை. நம்மைப் போல நடமாடி, உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு நாளில் செலவாகும் சக்தியில் பாதிக்கும் மேல் இந்தச் 'சும்மா'வுக்கே போய்விடுகிறது. உடம்பில் பெரிய காயம் இருந்தால் அந்தச் செலவு இன்னும் எகிறும். எவ்வளவு எகிறும் என்று கணக்குப் போடும் சூத்திரங்களை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியே போட்டுத் தரும். கணக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் எனக்கு ஒரு சமையல்காரர் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அவர் பெயர் கருப்பையா. ஆனால் எல்லோருக்கும் மாஸ்டர்தான். திருப்பத்தூர் பக்கத்துக்காரர். காரைக்குடியைச் சுற்றி நடக்கும் பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் தன் ஆட்களோடு போய்ச் சமைப்பார். சித்திரை மாதம் ஒரு கல்யாண வீட்டில் கந்தரப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது எண்ணெய்ச் சட்டி சரிந்துவிட்டது. வலது கை, நெஞ்சு, தொடை என்று எண்ணெய் பட்ட இடமெல்லாம் வெந்துபோய்க் காரைக்குடியில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். தீக்காயத்துக்கென்று தனியாக ஒரு அறை இருந்தது. அதன் ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வராந்தா. பார்க்க வருபவர்கள் வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அவருடைய மனைவி பஞ்சவர்ணம் மட்டும் கைகால் கழுவி, மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்.

முதல் வாரம் உயிர் பிழைப்பதிலேயே போனது. அதன்பிறகுதான் என் வேலை ஆரம்பித்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இளநீர், நீர்மோர், கஞ்சித் தண்ணீர். நெருப்பு சுட்ட உடம்பு, உள்ளே சூடு ஏறிக் கிடக்கும், அதைத் தணிக்க வேண்டும் என்பது பஞ்சவர்ணத்தின் கட்சி. முட்டையும் கறியும் சூடு, பருப்பு புண்ணில் சீழ் வைக்கும், நெய் ஆகவே ஆகாது. ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்த அம்மாள் கெடுதல் நினைத்தா செய்தார்? கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் பட்டினி போட்டுக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன், தலையை ஆட்டினார். மறுநாளும் அதே கஞ்சித் தண்ணீர்தான். அதற்கு மறுநாள் வேறு மாதிரி முயன்றேன். வெளியே வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது, உள்ளே மாஸ்டருக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "அவுக பாதத்தத் தொட்டுப் பாருங்க" என்றேன். தொட்டார். சில்லென்றிருந்தது. தோல் போன இடத்தின் வழியாக உடம்பின் வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அதை ஈடுகட்டத்தான் இருக்கிற கொழுப்பையும் தசையையும் உடம்பு எரித்துக்கொண்டிருக்கிறது, நாம் விசிறியை வேறு போட்டு அதை இன்னும் வேலை வாங்குகிறோம் என்றேன். பஞ்சவர்ணம் எழுந்துபோய் மின்விசிறியை அணைத்தார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமலேயே, "முட்டைய அவிச்சுக் குடுக்கவா, ஆம்லெட்டாக் குடுக்கவா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரை நான் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மேலங்கி இடைஞ்சல்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். எங்கள் சமையல்கூடத்திலிருந்து முட்டை, பால், பருப்பு கடைந்தது, கறிச் சாறு எல்லாம் வேளாவேளைக்குப் போயின. தட்டுகள் காலியாகத் திரும்பி வந்தன. ஆனால் எடை இறங்கிக்கொண்டே போனது. கன்னம் ஒட்டி, காயம் படாத தோள்பட்டையில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. காயத்தின் விளிம்பு ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே நின்றது. அறுவை சிகிச்சை மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். வேறு இடத்திலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்ட வேண்டும், இப்படி உருகிக்கொண்டிருக்கிற உடம்பில் ஒட்டினால் பிடிக்காது, கை மடங்கிப்போய்விடும் என்றார். சமையல்காரருக்கு வலது கை போனால் என்ன மிச்சம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கை மட்டுமில்லை, காயம் ஆறாமல் கிருமி ஏறினால் ஆளே போய்விடலாம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்திவிடலாம் என்றார். அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் பல நோயாளிகளுக்கு அதுதான் சரி. ஆனால் குழாய் என்ற பேச்சை எடுத்ததுமே மாஸ்டர், "ருசி பாக்குற மூக்கும்மா இது, இதுல சோத்த ஊத்துவீகளோ?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். போட்டால் பிடுங்கிப் போடுவார் என்று எனக்குத் தோன்றியது. மருத்துவரிடம் வார இறுதி வரை அவகாசம் கேட்டேன். அதற்குள் எடை நிற்கவில்லை என்றால் நானே பக்கத்தில் உட்கார்ந்து சம்மதிக்கவைத்துக் குழாய் போட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தட்டு காலியாகிறது, உடம்பும் காலியாகிறது, அப்படியானால் சாப்பாடு எங்கே போகிறது? வராந்தாவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணில் பட்டார். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு கையில் அவித்த முட்டை, இன்னொரு கையில் எங்கள் மருத்துவமனைப் பால் டம்ளர். யார் நீங்கள் என்று கேட்டேன். மாஸ்டரைப் பார்க்கக் கல்லலிலிருந்து வந்ததாகவும், தன் மகள் கல்யாணத்துக்கு மாஸ்டர்தான் சமைத்தார் என்றும் சொன்னார். முட்டை எப்படி வந்தது என்றேன். "மாஸ்டர்தான் குடுத்துவிட்டாரு. வெறும் வயித்தோட போகக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவரு பேச்சத் தட்ட முடியுமா?" என்றார். பாலில் கொஞ்சம் சர்க்கரை குறைவு என்றும் சொன்னார்.

நம் பக்கத்தில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகாவிட்டால் வருஷக்கணக்கில் அது பேச்சாகிவிடும். மாஸ்டர் சமைத்த வீடுகளோ ஒன்றா இரண்டா. நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மாஸ்டர் தன் தட்டையே விருந்தாக வைத்துக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணத்திடம் போய்க் கேட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. கொடுக்காவிட்டால் அந்த மனுஷன் ஒரு வாய்கூட வாங்குவதில்லை, கொடுத்தால் மிச்சத்திலாவது ரெண்டு வாய் வாங்குகிறார், நான் என்ன செய்வேன் என்றார்.

மாஸ்டரிடமே பேசுவது என்று உட்கார்ந்தேன். திட்டலாமென்றுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"பந்தி எந்திரிக்காம நான் சாப்பிட்டதில்லம்மா. சமையக்காரன் மொதல்ல சாப்பிட்டா, அது சமையலா? வந்தவுக பசியோட நிக்கையில எனக்குத் தொண்டையில எறங்காது." இன்னொன்றும் சொன்னார். "அதுவும் வேலை வெட்டி பாக்கையில தின்னா ஒரு ஞாயம் இருக்கு. கட்டைய நீட்டிப் படுத்துக்கிட்டு முட்டையும் கறியும் தின்னா, அது என்ன பொழப்பு?"

அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இதுவரை வீட்டார் கேட்ட கேள்வியை இப்போது நோயாளியே தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன். நீங்கள் இப்போது பார்க்கிற அளவுக்கு வேலை நீங்கள் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை, படுத்த படுக்கையில் உங்கள் உடம்பு புதுத் தோல் நெய்துகொண்டிருக்கிறது, கிருமியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, குளிருக்குத் தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது, கூலி கொடுக்காவிட்டால் அது உங்கள் கைச் சதையை எடுத்துத் தின்கிறது என்றேன். அவர் தன் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப அடுப்பு அணையலங்கிறீக" என்றார். ஆமாம் என்றேன். நன்றாகவே புரிந்துகொண்டார். ஆனால் அன்று மதியமும் தட்டு வராந்தாவுக்குத்தான் போனது. அறிவுக்குப் புரிந்தது, தொண்டைக்குப் புரியவில்லை.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் நோயாளியை விட்டுவிடுகிறோம். 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். பார்வையாளர்களை மொத்தமாக நிறுத்தச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அந்த வார்டில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். அவரைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். அவர் கட்டுத்துணிகளை மடித்துக்கொண்டே, ஆளை நிறுத்தினால் மாஸ்டர் அவமானத்திலேயே செத்துப்போவார் என்றார். அப்புறம் நிமிர்ந்து, "நீங்க சாப்பாட்டையே மாத்தி மாத்திப் பாக்குறீக மேடம். வரிசைய மாத்திப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி துணி மடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே மாஸ்டரின் முதல் ஆளான சேகருக்குப் போன் போட்டேன். அடுத்த நாள் மதியம் அவருடைய ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். மருத்துவமனை நிர்வாகத்திடம் கெஞ்சி வராந்தாவை ஒரு மணி நேரம் கடன் வாங்கினேன். எங்கள் சமையல்கூடத்திலேயே பருப்பு, கோலா உருண்டை, முட்டைக் குழம்பு, ரசம் எல்லாம் வைக்கச் சொன்னேன். நல்ல வேளை, அன்றைக்கு மருத்துவர் எதற்கு இத்தனை வாழையிலை என்று கேட்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே பாய் விரித்து, மாஸ்டரின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பார்க்க வந்திருந்த இரண்டு மூன்று பேரையும் உட்காரவைத்தோம். சேகர் பரிமாறினான். உள்ளே மாஸ்டரைச் சாய்த்து உட்காரவைத்து, முன்னால் சின்ன மேஜையில் ஒரு நறுக்கிலை போட்டு, வெளியே வைத்ததெல்லாம் அவருக்கும் வைத்தோம். நம் பந்தி வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரிசையில் பெரியவர் கை வைக்காமல் மற்றவர்கள் கை வைக்க மாட்டார்கள், எல்லோரும் முடிக்காமல் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டார்.

யாரும் கை வைக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடி வழியாகச் சைகை காட்டினார், சாப்பிடுங்கள் என்று. சேகர் தலை குனிந்தபடியே நின்றான். உட்கார்ந்திருந்தவர்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பஞ்சவர்ணத்தைப் பார்த்து, சாப்பிடச் சொல்லு அவனுகள என்று அதட்டினார். அந்த அம்மாள் ஒரு கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நீங்க கை வச்சாத்தான் அவுக கை வைப்பாக. சோறு ஆறுது."

கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. இலையில் போட்ட சோறு ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனா அவர்? வெளியே ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். ரசத்திலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போடாத இடது கையை எடுத்துத் தன் இலையில் வைத்தார். வெளியே அத்தனை கைகளும் ஒன்றாக இறங்கின. பஞ்சவர்ணம் கவளத்தை ஊட்ட, வாங்கிக்கொண்டார். ஒரு வாய் ஆயிற்று, இரண்டு வாய் ஆயிற்று. நடுவில் நிறுத்தலாமென்று பார்த்தார், வெளியே எல்லோரும் நிறுத்தினார்கள். மறுபடி வாங்கிக்கொண்டார். கோலா உருண்டையைக் கடித்துவிட்டு, கசகசா பத்தவில்லை என்று சேகரிடம் சொல்லச் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டதும் வராந்தாவே சிரித்தது. நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதன்பிறகு அவர் அந்த அறையில் இருந்தவரைக்கும் மதியமும் சாயங்காலமும் வராந்தாவில் யாராவது ஒருவர் இலை போட்டு உட்கார்ந்தார். ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். கல்லல்காரர்கூட இரண்டு முறை வந்தார், இந்தத் தடவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு. வார இறுதியில் எடை பார்த்தோம். ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை, நின்றுவிட்டது. அந்த நின்ற எடைக்காக நான் மருத்துவருக்கு மட்டுமில்லை, அவர் கையில் இருந்த பேனாவுக்குக்கூட நன்றி சொல்லியிருப்பேன். கொஞ்ச நாள் கழித்துத் தோல் ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. விரல்கள் மடங்கி விரிய மாதக்கணக்கில் பயிற்சி செய்தார். கரண்டி பிடிக்க ஆரம்பித்த அன்று சேகர் எனக்கு வீடியோ அனுப்பினான். பாதி வீடியோ தரையைத்தான் காட்டியது, ஆனாலும் அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது மேடையில் நிறையப் பேருக்கு நன்றி சொன்னேன். பயிற்சி கொடுத்தவர்கள், மருத்துவர்கள், நிர்வாகம் என்று. வரிசையை மாற்றச் சொன்ன சிஸ்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மட்டும் சொல்லாமலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டேன். இதோ இப்போது சொல்கிறேன் சிஸ்டர். நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை.

போன தை மாதம் பள்ளத்தூரில் என் சிநேகிதி மகளுக்குக் கல்யாணம். விடிந்ததும் போய்விட்டேன். சமையல் மாஸ்டர் யார் என்று எனக்குச் சொல்லவில்லை. வீட்டின் பின்கட்டுப் பக்கம் போனால், பெரிய அடுப்புகளில் விறகு அடுக்கியிருந்தது, ஆனால் பற்றவைக்கவில்லை. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் பதறிக்கொண்டு நின்றார், காபிக்கு நேரமாகிறது என்று. அடுப்புகளுக்குப் பக்கத்தில் சமையல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, ஓரத்துச் சின்ன அடுப்பில் அவித்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் முனையில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"எங்க பந்தி எந்திரிக்கட்டுங்க, அப்புறம் பத்த வைக்கிறோம்" என்று கல்யாண வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாமென்று கையைக் காட்டினேன். இது என்ன புது வழக்கம் மாஸ்டர், சமையல்காரர்கள் முதலில் சாப்பிடுவது என்று கேட்டேன்.

"நீங்க சொன்னதுதானம்மா. சும்மா நின்னாலே எரியிற உடம்பு, இவனுக பொழுதன்னிக்கும் வெந்துக்கிட்டு நிப்பானுக. இங்குட்டு வந்து உக்காருங்க. காரைக்குடியிலேர்ந்து வெறும் வயித்தோடதான வந்திருப்பீக?"

உண்மைதான். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் காலை உணவைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு நான் பெரும்பாலும் காபியோடு கிளம்புகிறவள். நீங்களும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் வயதிலிருந்தே வார்டு ரவுண்ட்ஸுக்கு நானும் அப்படித்தான் போனேன். நாளையிலிருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நான் வரிசையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேகர் இலை போட்டு இட்லி வைத்து, சாம்பார் ஊற்றினான். பேச்சு சுவாரஸ்யத்தில் நான் பஞ்சவர்ணம் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்து பதிலே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பளபளவென்று தழும்பு ஏறிய அந்த வலது கையை இலைக்கு மேலே நிறுத்திவைத்துக்கொண்டு மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். வரிசை முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. எல்லோரும் என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கை வைத்தேன்.